பன்னிரண்டு தொட்டி, அறுபது மட்டி: நானோ துகளும் காட்மியமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முதுகலை படிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் யாராவது ஒருவர் இந்தத் தலைப்போடு வந்து நிற்பார்கள்: "நானோ பொருளும் உலோக மாசும் கடல் சிப்பியினங்களைப் பாதிப்பது குறித்து ஓர் ஆய்வு." கையில் ஆறு மாதம், கொஞ்சம் பணம், சாப்பாட்டுத் தட்டைத் தவிர வேறெங்கும் சிப்பியைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவர்களுக்காக எழுதியது இது. முதல் சோதனையை உருப்படியாக முடிக்க என்ன வேண்டுமோ அதை மட்டும், நான் செய்து கெடுத்து, திரும்பச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தலைப்பைச் சின்னதாக்குங்கள்

நானோ என்றால் 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள். இதில் நூறு வகை உண்டு. முதல் சோதனைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு ஒன்று போதும். சன்ஸ்கிரீனிலும் பெயின்டிலும் இருப்பது அதுதான். காரணம் எளிது: அது கடல்நீரில் கரையாது. நானோ துத்தநாக ஆக்சைடை எடுத்தால் துகள் கொஞ்சம், கரைந்து வந்த துத்தநாக அயனி கொஞ்சம் என்று இரண்டும் கலந்து நிற்கும். மட்டி செத்தால் எதனால் செத்தது என்று சொல்ல, அயனிக்கென்று தனியாக ஒரு வரிசைத் தொட்டி வைக்க வேண்டிவரும். நானோ வெள்ளி இன்னும் தொல்லை. கடல்நீரில் இருக்கும் குளோரைடோடு கூடி வேறு வேறு உருவம் எடுக்கும். இதெல்லாம் இரண்டாவது வருடத்து வேலை.

உலோகத்துக்குக் காட்மியம். மட்டியின் உடலில் காட்மியத்துக்கு எந்த வேலையும் கிடையாது. செம்பும் துத்தநாகமும் அப்படியல்ல, கொஞ்சம் தேவை, மிஞ்சினால் நஞ்சு. காட்மியத்தில் அந்தக் குழப்பமே இல்லை. அதன் அயனி கிட்டத்தட்டக் கால்சியம் அயனியின் பருமன்தான், அதனால் கால்சியம் உள்ளே போகும் வாசல் வழியே இதுவும் நுழைந்துவிடும். ஓடு கட்டக் கால்சியத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பிராணிக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர் வீட்டுச் சுவர்கள் கண்ணாடி போல் மின்னுவதற்குப் பூசிய சுண்ணாம்பும் அந்த ஓட்டைச் சுட்டு எடுத்ததுதான்.

(ஒரு சொல் எச்சரிக்கை. ஈயத்தையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சேர்த்தால் அறிக்கையில் 'காரீயம்' என்று எழுதுங்கள். வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். ஒரு செமினாரில் இந்த ஒரு வார்த்தைக்காகவே பாதி நேரம் போனது.)

பிராணிக்கு மட்டி, அதிலும் மெரெட்ரிக்ஸ் காஸ்டா. தமிழகத்துக் கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் கிடைப்பது, கைக்கு அடக்கமானது, உப்பு ஏறி இறங்குவதைத் தாங்கும். பச்சை மஸ்ஸலில் வெளிநாட்டு ஆய்வுகள் நிறைய இருக்கின்றன, ஆனால் அது நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும் இனம். பிய்த்து எடுக்கும்போதே பாதி காயம்பட்டுவிடும்.

சிப்பியினத்தை ஏன் எடுக்கிறோம் என்று வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். அது தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் பிராணி. ஓரிடத்திலேயே கிடந்து மணிக்கணக்காகத் தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளில் துகளைப் பிடித்து, வேண்டியதை வாய்க்கும் வேண்டாததைச் சளியில் உருட்டி வெளியேயும் தள்ளும். தண்ணீரில் இருப்பது அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். இதை வைத்துத்தான் 1975-ல் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க் உலகக் கடற்கரை முழுக்க மஸ்ஸலைக் காவல்காரனாக வைக்கலாம் என்று 'மஸ்ஸல் வாட்ச்' யோசனையைச் சொன்னார்.

இரண்டும் சேரும்போது என்னதான் நடக்கிறது?

சோதனை தொடங்கும் முன் இதை ஒரு பக்கம் சொந்தமாக எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் தொட்டி வைத்துப் பயனில்லை.

ஒரு கல்லுப்புப் பரல் அளவு, 1 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை மனதில் வையுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6 லட்சம் சதுர மில்லிமீட்டர். பத்து அங்குல ஆத்தங்குடிக் கல் ஒன்பதைப் பதித்தால் ஏறத்தாழ வரும் தரை. ஒரு பரல் உப்புக்குள் அவ்வளவு தரை! உலோக அயனி வந்து உட்கார அவ்வளவு இடம்.

டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு ஏறத்தாழ பி.எச். 6-ல் மின்சுமை இல்லாமல் நிற்கும், அதற்கு மேல் எதிர்மின் ஏறும். கடல்நீர் பி.எச். 8-ஐ ஒட்டியது. ஆகவே நேர்மின் கொண்ட காட்மியம் அதில் ஒட்டப் பார்க்கும். ஒட்டிய துகளை மட்டி இரை என்று நினைத்து விழுங்கினால் காட்மியமும் கூடவே வயிற்றுக்குள் போகும். இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'டிரோஜன் குதிரை'.

எல்லாரும் இந்த இடத்திலேயே நின்று, "நானோ சேர்ந்தால் நஞ்சு கூடும்" என்று கருதுகோளை எழுதிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கடல்நீரில் காட்மியம் பெரும்பாலும் குளோரைடோடு கூடியே திரியும், தனி அயனியாக இருப்பது மிகக் குறைவு. ஒட்டுவதற்கு ஆள் இருந்தால்தானே ஒட்டும். அதோடு உப்புநீரில் நானோ துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் சக்தியை இழந்து, கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் படியும். காட்மியத்தைச் சுமந்துகொண்டே படிந்தால் மட்டிக்கு எட்டும் காட்மியம் குறையவும் செய்யலாம். வெளிவந்த ஆய்வுகளிலும் இரண்டு கதையும் உண்டு: சிலவற்றில் சேர்க்கையால் உடலில் உலோகம் கூடியது, சிலவற்றில் மாறவே இல்லை அல்லது குறைந்தது. எந்த உப்பில், எந்தத் துகளில், எவ்வளவு நேரத்தில் என்பதுதான் பதிலை முடிவு செய்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிமுகத்தில் உப்பு இறங்கும்போது குளோரைடு குறைந்து தனிக் காட்மிய அயனி கூடும். அதே அளவு காட்மியம் மழைக்காலத்தில் கூடுதலாகக் கடிக்கும். உங்கள் சோதனை எந்த உப்பளவில் நடந்தது என்று எழுதாவிட்டால் முடிவுக்கு அர்த்தமே இல்லை என்பது இதனால்தான்.

பாத்திரமும் தண்ணீரும்

என் முதல் சோதனை இங்கேதான் கவிழ்ந்தது.

அப்போது விடுமுறை, ஆய்வகம் பூட்டியிருந்தது. தொண்டியிலிருந்து கொண்டு வந்த கடல்நீரை இரண்டு நாள் வீட்டில் வைக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆள் உட்கார்ந்து குளிக்கும் அளவுக்குப் பித்தளை அண்டா ஒன்று சும்மா கிடந்தது. கழுவி ஊற்றிவிட்டேன். மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரில் விட்ட மட்டிகள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. நஞ்சே போடாத கண்ட்ரோல் தொட்டியிலும் அதே கதை. பயந்துபோய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால் செம்பும் துத்தநாகமும். அப்பத்தா அண்டாவின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பச்சையாய் எடுத்துக் காட்டியது. "உப்புத் தண்ணிய ஈயம் பூசாத பித்தளையில ஊத்துவாகளா? களிம்பு ஏறாதாடா? என்ன படிச்ச நீ?"

களிம்பு என்ற அந்த ஒரு வார்த்தையில் மொத்த விஷயமும் இருந்தது. அன்றிலிருந்து உலோகம் எதுவும் என் தண்ணீர் அருகே வருவதில்லை. ஜி.ஐ. வாளி வேண்டாம், பித்தளைக் குழாய் வேண்டாம், ஏரேட்டரில் உலோக முனை வேண்டாம். கண்ணாடியும் உணவுத்தரப் பிளாஸ்டிக்கும் மட்டும். எல்லாவற்றையும் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறப்போட்டு, மில்லி-கியூ தண்ணீரில் (அயனிகளை நீக்கிய மிகச் சுத்தமான ஆய்வகத் தண்ணீர்) மூன்று முறை அலசுங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க இனிக்கும், இதற்கு ஆகாது.

கணக்கு: 5 லிட்டர் தொட்டி 12, ஒரு முறை நிரப்ப 60 லிட்டர். ஏழு நாள் சோதனையில் 0, 2, 4, 6 ஆம் நாட்களில் தண்ணீர் மாற்ற 240 லிட்டர். அதற்கு முன் மட்டியைப் பழக்கும் வாரத்துக்கும் வேண்டும். இருபது லிட்டர் கேன் இருபது எடுத்துக்கொள்ளுங்கள், குட்டி யானை ஒரு நடை போதும். படகு கட்டும் இடத்தில் மொண்டுவிடாதீர்கள். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்டில் செம்பு ஆக்சைடு இருக்கும். டிரைபியூட்டைல் டின் கலந்த பெயின்டை உலக அளவில் 2008-ல் தடை செய்த பிறகு அந்த இடத்தைப் பெரும்பாலும் செம்புதான் பிடித்துக்கொண்டது. ஆள் நடமாட்டம் குறைந்த கரையில், ஏற்றத் தண்ணீரில் மொண்டு, வடிகட்டி, இருட்டில் வையுங்கள். உப்பு, பி.எச்., வெப்பம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மட்டியைக் கொண்டு வருவது

மன்னார் வளைகுடாப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதியில் எடுக்கக் கூடாது என்பது முதல் விதி. கரையில் மட்டி பொறுக்கும் அக்காமாரிடம் சொல்லிவைத்தால் ஒரே அளவாகப் பொறுக்கிக் கொடுப்பார்கள். ஓட்டு நீளம் ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் இருக்கும்படி நூறு கேளுங்கள். சோதனைக்கு அறுபது, மீதி இழப்புக்கும் தொடக்க மாதிரிக்கும்.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இரண்டு ஓட்டையும் பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். உயிருள்ளது அசையாது. உள்ளே சேறு மட்டும் நிறைந்த செத்த ஓடு, பார்க்க உயிருள்ளது போலவே மூடியிருக்கும், தள்ளினால் வழுக்கும். அது ஒன்று தொட்டிக்குள் போனால் ஒரே இரவில் அத்தனையும் நாறிவிடும். வாய் பிளந்ததைத் தட்டிப் பாருங்கள். மூடினால் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் போட்டுக் கொண்டு வர வேண்டாம். கடல்நீரில் நனைத்த சாக்கில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் குளிர்ச்சியாக, ஐஸ் நேரே படாமல் வைத்தால் தொண்டியிலிருந்து திருவாடானை, தேவகோட்டை வழியாகக் காரைக்குடி வருவதற்குள் ஒன்றும் ஆகாது. காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வந்ததும் ஓட்டைத் தேய்த்துக் கழுவி, ஏழு நாள் சுத்தமான கடல்நீரில் பழக்குங்கள். இரைக்கு ஐசோகிரைசிஸ் அல்லது கீட்டோசெரஸ் பாசி. இந்த வாரத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செத்தால் அந்தக் கூட்டத்தையே விட்டுவிட்டு மறுபடி போங்கள். மனசு வராது. ஆனாலும் போங்கள்.

நான்கு வரிசை

பன்னிரண்டு தொட்டியை நான்கு வரிசையாகப் பிரியுங்கள், வரிசைக்கு மூன்று. முதல் வரிசை வெறும் கடல்நீர். இரண்டாவது நானோ மட்டும். மூன்றாவது காட்மியம் மட்டும். நான்காவது இரண்டும். தொட்டிக்கு ஐந்து மட்டி.

'சேர்ந்து' என்ற சொல்லை உங்கள் தலைப்பில் போட உரிமை தருவது இரண்டாவதும் மூன்றாவதும்தான். நான்காவது வரிசையில் மட்டி துவண்டுவிட்டது என்று படம் எடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தனித்தனியாக எவ்வளவு துவளும் என்று தெரியாமல் சேர்ந்ததைப் பற்றி என்ன சொல்ல முடியும்? நானோவின் கூலி தெரிய வேண்டும், காட்மியத்தின் கூலி தெரிய வேண்டும், பிறகுதான் கூட்டுக் கூலி.

தொட்டிகளை வரிசைப்படி அடுக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு வையுங்கள். ஜன்னலோரம் முழுக்க நானோ வரிசை வந்துவிட்டால் வெயிலும் சேர்ந்துவிடும். இந்தத் துகள் புற ஊதா ஒளியில் வினைபுரிந்து செல்லைக் கடிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும், அதனால் வெளிச்சம் எல்லாத் தொட்டிக்கும் ஒன்றாக இருப்பது அவசியம். இன்னொன்று, ஒரே தொட்டியில் இருக்கும் ஐந்து மட்டியும் ஐந்து சாட்சி ஆகாது. ஒரே தண்ணீரைக் குடித்தவை, ஒரே சாட்சிதான். புள்ளிவிவரத்தில் உங்கள் எண்ணிக்கை மூன்று, பதினைந்து அல்ல.

டோஸ்

காட்மியம் குளோரைடு பாட்டிலில் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் கிடைப்பது இரண்டரைத் தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த உப்பு. அதன் மூலக்கூறு எடை 228.35, அதில் காட்மியம் 112.41. அதாவது பாதிக்கும் கொஞ்சம் குறைவுதான் காட்மியம். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் காட்மியம் உள்ள ஸ்டாக் (எடுத்து எடுத்துக் கலக்கும் செறிந்த கரைசல்) வேண்டுமென்றால் 2.031 கிராம் உப்பு, 100 மில்லிக்கு 0.203 கிராம். உப்பின் எடையையே காட்மியத்தின் எடையாக எடுத்துக்கொண்டு டோஸ் பாதியாகிப் போவது புதியவர்கள் எல்லாரும் ஒரு தடவை செய்யும் பிழை.

தொட்டியில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வேண்டும். 5 லிட்டருக்கு 250 மைக்ரோகிராம். ஸ்டாக்கில் ஒரு மில்லிக்கு 1000 மைக்ரோகிராம் இருக்கிறது, ஆக 0.25 மில்லி. மைக்ரோபிப்பெட்டில் 250 என்று வைத்து ஒரே இழுப்பு. இந்த 50 மைக்ரோகிராம் கடலில் சாதாரணமாக இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், திறந்த கடலில் காட்மியம் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான். ஏழு நாளில் விளைவு பார்க்க வேண்டி உயர்த்தினோம் என்று அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

நானோவுக்கு 50 மில்லிகிராம் தூளை 50 மில்லி மில்லி-கியூ தண்ணீரில் போட்டு, பீக்கரை ஐஸில் வைத்து, அரை மணி நேரம் சோனிகேட் செய்யுங்கள், அதாவது மீயொலியால் கட்டிகளை உடைத்துக் கலக்குங்கள். தூளை எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், மூக்கில் என்95 முகக்கவசம் இருக்கட்டும். சோனிகேட் செய்து ஐந்து நிமிடத்துக்குள் ஒவ்வொரு தொட்டிக்கும் 5 மில்லி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகிவிடும். நானோ போடாத தொட்டிகளுக்கும் 5 மில்லி வெறும் மில்லி-கியூ ஊற்ற மறக்காதீர்கள். உப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இறங்கட்டும்.

நான்காவது வரிசையில் எதை முதலில் ஊற்றுவது? இரண்டையும் ஒரு பீக்கரில் கலந்து ஊற்றினால் உப்பில்லாத தண்ணீரில், குளோரைடு இடைஞ்சல் இல்லாமல், காட்மியம் துகளில் போய் ஒட்டிவிடும். பிறகு கிடைக்கும் முடிவு கடலின் முடிவு ஆகாது, உங்கள் பீக்கரின் முடிவு. ஆகவே கடல்நீரில் முதலில் காட்மியம், கலக்கி, பத்து நிமிடம் கழித்து நானோ. நான்கு மாற்றத்திலும் இதே வரிசை, இதே இடைவெளி. பாசி இரையைத் தண்ணீர் மாற்றுவதற்கு முன் இரண்டு மணி நேரம் வேறு சுத்தமான தொட்டியில் கொடுங்கள். டோஸ் தண்ணீரில் பாசி இருந்தால் பாதிக் காட்மியம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஊற்றியது எவ்வளவு என்பதை நம்பி உட்காராதீர்கள். 0, 1, 24, 48 மணியில் தண்ணீர் மாதிரி எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு வைத்து, ஐ.சி.பி.-எம்.எஸ்., ஏ.ஏ.எஸ். என்று உலோகத்தை அளக்கும் கருவிகள் உண்டே, அவற்றில் ஒன்றில் காட்மியம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் காரைக்குடியில் கருவியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்காமல் போகாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 0.45 மைக்ரான் வடிதாளில் வடிந்ததைக் 'கரைந்த உலோகம்' என்பது பழைய வழக்கம். 0.45 மைக்ரான் என்றால் 450 நானோமீட்டர். உங்கள் துகள் அதில் ஜாலியாக வடிந்து வரும்! துகளில் ஒட்டிய காட்மியத்தைப் பிரிக்க 3 கிலோடால்டன் அல்ட்ராஃபில்டர் வேண்டும்.

என்ன பார்ப்பது

முதலில் கண்ணால். தினமும் காலை, மாலை ஒரே நேரத்தில் தொட்டியைத் தட்டாமல் குனிந்து, எத்தனை மட்டி குழலை நீட்டியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். செலவில்லாத அளவை, பலர் விட்டுவிடுவார்கள். மட்டிக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொள்ளும். மூடியிருந்தால் நஞ்சும் உள்ளே போகாது. ஏழாம் நாள் சதையில் காட்மியம் குறைவாக இருந்தால், அது நானோ காப்பாற்றியதா, மட்டி வாய் திறக்காததா என்பதைச் சொல்லப்போவது இந்த நோட்டுதான்.

அடுத்து வடிகட்டும் வேகம். பாசி கலந்த அரை லிட்டர் கடல்நீரில் ஒரு மட்டியை விட்டு, திறந்ததிலிருந்து ஒரு மணி நேரம். முன்னும் பின்னும் ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணக் கட்டம் போட்ட ஸ்லைடு) பாசியை எண்ணுங்கள். மில்லிக்கு 20,000 என்றிருந்தது 10,000 ஆனால், 0.5 லிட்டரை 2-இன் இயல் மடக்கையான 0.693-ஆல் பெருக்க, மணிக்கு ஏறத்தாழ 0.35 லிட்டர். பக்கத்திலேயே வெறும் ஓடு போட்ட பீக்கர் ஒன்றும் வையுங்கள், தானாகப் படியும் பாசியைக் கழிக்க.

பிறகு இரத்தச் செல். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மட்டியின் ஓட்டிடுக்கில் பிப்பெட் முனை ஒன்றைச் செருகித் திறந்தே வைத்து, உள்ளிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். இன்சுலின் ஊசியை ஓட்டை ஒட்டினாற்போல் பின்பக்கத்து மூடுதசைக்குள் விடுங்கள். பிஸ்டனை மிக மெதுவாக இழுக்க, 0.1 முதல் 0.2 மில்லி வரை லேசாகக் கலங்கிய திரவம் வரும். வேகமாக இழுத்தால் செல் உடைந்துவிடும். உப்புக் கரைசலோடு சம அளவு கலந்து ஸ்லைடில் ஒரு சொட்டு. ஈரத் துணி விரித்த டப்பாவுக்குள் ஸ்லைடை வைத்து மூடி, பதினைந்து நிமிடம் விட்டால் செல்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நியூட்ரல் ரெட் சாயம். நலமான செல்லில் சாயம் லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் மாதுளை முத்துப் போலச் சிவப்புப் புள்ளியாக நிற்கும். நொந்த செல்லில் அந்தப் பை ஒழுகி, செல் முழுக்க இளஞ்சிவப்பு பரவும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, பாதிச் செல் ஒழுகிய நேரத்தைக் குறியுங்கள். கண்ட்ரோல் மட்டி இன்னும் முத்து முத்தாக நிற்கும்போது காட்மியம் ஸ்லைடு மங்குவதைப் பார்ப்பது வேறு அனுபவம். எந்த ஸ்லைடு எந்தத் தொட்டி என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. நண்பர் ஒருவரை எண் மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

நொதிகள், கொழுப்பு ஆக்சிஜனேற்றம், உலோகத்தைக் கட்டிப்போடும் மெட்டலோதயோனின் புரதம் எல்லாம் பார்க்கலாம்தான். நேரமும் கெமிக்கலும் இருந்தால் ஒன்றை எடுத்து ஒழுங்காகச் செய்யுங்கள், ஐந்தை அரைகுறையாகச் செய்ய வேண்டாம்.

கடைசியில் சதை. ஏழாம் நாள் ஒரு நாள் முழுக்கச் சுத்தமான கடல்நீரில் விட்டு வயிற்றைக் காலி செய்த பிறகே அறுங்கள். குடலில் கிடக்கும் துகள் உடலில் சேர்ந்த துகள் ஆகாது. பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கத்தியால் செவுள், செரிமானச் சுரப்பி, மீதி என்று மூன்றாகப் பிரித்து, 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, நைட்ரிக் அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் கரைத்தால் காட்மியம் வந்துவிடும். டைட்டானியம் வராது. அதைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் போன்ற சமாச்சாரம் வேண்டும், தோலில் பட்டால் எலும்பு வரை போகும். முதல் சோதனையில் அதைத் தொடவே வேண்டாம்.

உலர் எடையா, ஈர எடையா என்று ஒவ்வோர் அட்டவணையிலும் போடுங்கள். சதையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று வைத்தால், உலர் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது ஈர எடையில் 1. மட்டி போன்ற இரட்டை ஓட்டுச் சிப்பியினங்களில் காட்மியத்துக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு கிலோவுக்கு 2 மில்லிகிராம், ஐரோப்பிய ஒன்றியம் வைத்தது 1. இரண்டுமே ஈர எடைக்கு. இதைக் கலந்து குழப்பி, கடற்கரைச் சந்தை மட்டி முழுக்க விஷம் என்று ஒரு பிள்ளை கிட்டத்தட்ட நோட்டீஸ் அடிக்கவே போய்விட்டது.

கூட்டிப் பார்ப்பது

நானோ மட்டும் வடிகட்டும் வேகத்தை 20 சதவீதம் குறைத்தது, காட்மியம் மட்டும் 30 சதவீதம் குறைத்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தால் 50 எதிர்பார்க்க வேண்டுமா? அவசியமில்லை. இரண்டும் தனித்தனி வழியில் வேலை செய்வதாகக் கொண்டால், நானோ போக மீதமிருக்கும் 80-ல்தான் காட்மியம் தன் 30 சதவீதத்தை எடுக்கும். அது 24. ஆக 20-ம் 24-ம் 44. நான்காவது வரிசையில் 44-ஐ ஒட்டி வந்தால் ஒன்றின் வேலையில் மற்றது தலையிடவில்லை. 60 வந்தால் ஒன்றுக்கொன்று கை கொடுத்திருக்கிறது. 25 வந்தால் ஒன்று மற்றதை மட்டுப்படுத்தியிருக்கிறது. பிழைக்கோடு 44-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் 'கூடியது' என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. இருவழி அனோவா என்ற புள்ளிவிவரச் சோதனையில் (இரண்டு காரணியையும் சேர்த்துப் பார்ப்பது) இடைவினைக்கு வரும் எண்ணையும் அதோடு வைத்துப் படியுங்கள்.

மூன்று தொட்டி என்பது சின்ன எண்ணிக்கை. சின்ன வித்தியாசம் அதில் தெரியாது. வித்தியாசம் தெரியவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். வடிகட்டும் வேகம் மாறாமல் லைசோசோம் மட்டும் ஒழுகியிருந்தால் அதுவும் செய்திதான்.

முடிந்த பிறகு

காட்மியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிப்படுத்தப்பட்ட முதல் பிரிவில் இருக்கிறது. சோதனைத் தண்ணீரைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினாலும் கண்மாய்க் கரையில் ஊற்றினாலும் ஊரணிக்குத்தான் வழி. 240 லிட்டரில் காட்மியம் போட்ட பாதி 120 லிட்டர், நானோ மட்டும் போட்டது 60 லிட்டர். இந்த 180 லிட்டரையும் கேனில் பிடித்து, பெயர், அளவு, தேதி எழுதி, 2016 ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி உங்கள் துறை கழிவை ஒப்படைக்கும் வழியில் கொடுங்கள். கையுறையும் பிப்பெட் முனையும் ஓடும் சதையும் அதோடுதான் போக வேண்டும்.

கண்ட்ரோல் மட்டி சுத்தமாகத்தானே இருந்தது, குழம்பு வைக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் கேட்பார். கூடாது. கடலில் திரும்ப விடவும் கூடாது, வாரக்கணக்காகத் தொட்டியில் அடைபட்டதோடு எந்த நோய் ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. குழம்புக்கு ஆசை என்றால் கேனைக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவி, தொண்டிக்குப் போகும் அடுத்த பஸ்ஸில் ஏறித் தனியாக வாங்கி வாருங்கள்.